கடற்காற்றும் மோட்டார் காரும்

திருவனந்தபுரம் போன்ற கடற்கரை நகரங்களில் மோட்டார் காரைக் கழுவுதல் அழகுக்காக மட்டும் செய்யப்படும் வேலையன்று. காரின் ஆயுளும் அதில் செல்வோரின் பாதுகாப்பும் அதைப் பொறுத்தவை. ஆயினும், பெரும்பாலோர் கூரை, பானட், கதவுகள், கண்ணாடிகள் ஆகிய கண்ணுக்குத் தெரியும் பகுதிகளோடு நின்றுவிடுகின்றனர். துருவோ, கண்ணுக்குத் தெரியாத பகுதிகளில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. இதன் காரணம் விளங்கினால், எந்த எந்த வேலைகள் விட்டுப்போகின்றன என்பதும் விளங்கும்.

சங்குமுகம், வலியதுறை, கோவளம் ஆகிய கரைகளில் அலைகள் உடையும்போது நுண்ணிய நீர்த்திவலைகள் எழுகின்றன. கடற்காற்று அவற்றை ஊருக்குள் கொண்டுவருகிறது. பருமனான திவலைகள் கரையை அடுத்தே படிந்துவிடும். நுண்ணியவை பல கிலோமீட்டர் தூரம் செல்லும். நீர் வற்றியபின் எஞ்சுவது உப்பு. உப்பின் பெரும்பகுதியான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தை எட்டியதும் நீராவியை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீஸியம் குளோரைடு கரைவதற்கு ஏறத்தாழ 33 சதவீதமே போதுமானது. இந்நகரில் இரவிலும் விடியற்காலையிலும் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே, உப்புப் படிந்த தகடு மழையில்லாத நாட்களிலும் நனைந்தே கிடக்கிறது.

துருப்பிடித்தல் ஒரு மின் இரசாயன நிகழ்ச்சியாகும். நனைந்த தகட்டின் ஓரிடத்தில் இரும்பு கரைகிறது. மற்றோரிடத்தில் நீரிலுள்ள பிராணவாயு அதற்கு ஈடான மின்னணுக்களை ஏற்றுக்கொள்கிறது. உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் இவ்வினை விரைவடைகிறது. காரைக்குடியில் 1953-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மத்திய மின் இரசாயன ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகங்களின் அரிமானத்தை ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவை அமைத்தது.

இடவப்பாதி, துலாவர்ஷம் ஆகிய இரு பருவங்கள் உட்பட ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில், காரை மழையே கழுவிவிடும் என்று எண்ணுவோர் உண்டு. இது பாதி உண்மையே. மழை மேற்பரப்பிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு போகிறது. ஆனால் மட்கார்டின் உட்குழி, கதவின் உட்புறம், வண்டியின் அடித்தகடு ஆகியவற்றை அது எட்டுவதில்லை. அங்கே உப்பு சேர்ந்துகொண்டே போகும். சக்கரங்கள் வாரியிறைக்கும் சேறு அந்த உப்போடு கலந்து, நெடுநேரம் ஈரத்தைத் தாங்கி நிற்கும். மழை கழுவாத இடங்களைக் கழுவுவதே பராமரிப்பின் முதல் நோக்கமாக இருக்க வேண்டும்.

அதற்குரிய வேலைகள் சில. முதலாவது, மட்கார்டுகளின் உட்புறத்தையும் அடித்தகட்டையும் நன்னீரால் கழுவுதல். மழைக்காலத்தில் மட்டுமன்றி, உப்பைக் கரைக்க மழையில்லாத மாதங்களிலும் இது தேவை. இரண்டாவது, கதவுகளின் அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகளைச் சோதித்தல். கண்ணாடியின் ஓரமாகக் கதவினுள் இறங்கும் நீர் வெளியேறுவதற்காகவே அவை அமைக்கப்பட்டுள்ளன. சேறு அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே தேங்கி, கதவு உட்புறமிருந்து அரிக்கப்படும். முன்கண்ணாடியின் அடியில் சேரும் சருகுகளையும் இவ்வாறே அகற்ற வேண்டும். மூன்றாவது, உலர்த்துதல். மேலே துடைத்தால் மட்டும் போதாது; கதவுகளைத் திறந்து விளிம்புகளைத் துடைத்து, தரைவிரிப்புகளை எடுத்துக் காயவைக்க வேண்டும். நான்காவது, கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்த புள்ளிகளை உடனே மூடுதல். துரு, தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தைப் பிடிப்பதால், சுற்றியுள்ள பெயிண்டையும் உப்பச் செய்து பெயர்த்துவிடும்.

மேற்பரப்பைக் கழுவுவதிலும் ஒரு வேலை அடிக்கடி விட்டுப்போகிறது. தேய்ப்பதற்கு முன் நிறைய நீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட வேண்டும். மணலிலுள்ள படிகக்கல் சாதாரணக் கத்தியின் எஃகைவிடக் கடினமானது. உலர்ந்த துணியால் துடைத்தால் அது பெயிண்டைக் கீறிவிடும். மெழுகு பூசுவது அதன்பிறகே. மெழுகு பெயிண்டைக் காக்குமேயன்றி, அடித்தகட்டின் துருவைத் தடுக்காது.

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடிப்பாகத்தில் டீசல் தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது நன்மை தருவதன்று. டீசலில் தூசி ஒட்டிக்கொள்ளும். இயற்கை ரப்பராலான பாகங்கள் உப்பிக் கெடும். அடித்தகட்டுக்குரிய காப்புப் பூச்சையும் உப்பு நீங்கி நன்கு உலர்ந்த பின்னரே பூச வேண்டும். இல்லாவிடில், பூச்சு ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்து மூடிவிடும்.

இக்காலக் கார்கள் பலவற்றின் தகடுகளில் துத்தநாகப் பூச்சு உண்டு. இரும்புக்கு முன்னர் தான் கரைந்து துத்தநாகம் இரும்பைக் காக்கிறது. கரைவதால் அது நாளடைவில் தீர்ந்தும் போகிறது. பிரேக் எண்ணெயைக் கொண்டுசெல்லும் உலோகக் குழாய்கள் பெரும்பாலும் வண்டியின் அடியிலேயே ஓடுகின்றன. அவற்றைத் துரு துளைத்தால், அவசர வேளையில் பிரேக் பிடிக்காமல் போகலாம். ஆகவே கழுவும்போதே அக்குழாய்களைப் பார்வையிட்டு, துரு செதிலாக உரியும் இடம் காணப்பட்டால் தாமதமின்றிப் பட்டறையில் காட்டுதல் வேண்டும். கழுவி முடித்ததும் காரைச் சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, பிரேக்கை இரண்டு மூன்று முறை அழுத்தி ஈரத்தைப் போக்கியபின் நிறுத்துவது நலம்.

இவ்வேலைகளுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நன்னீரும், தூரிகையும், குனிந்து பார்க்கும் பழக்கமும் இருந்தால் போதும்.