பனடோல்தானே?

பெரியகல்லாற்றில் ஒரு பாமசியில் நான் நின்ற காலம். வாவியில் வலை வீசும் அண்ணன் ஒருவர் காய்ச்சலோடு வந்தார். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை, கஞ்சித்தண்ணிதான். "ரெண்டு ரெண்டாப் போட்டும் விடல்ல தம்பி. இன்னொரு காட் தாங்க. பனடோல்தானே, என்ன செய்யப்போகுது?" எண்ணிப் பார்த்தோம். முதல்நாள் மட்டும் பன்னிரண்டு குளிசை. தடிமனுக்கென்று வேறு கடையில் வாங்கியதிலும் பரசிற்றமோல் இருந்தது. காட் கொடுக்காமல் வைத்தியசாலைக்கு அனுப்பினேன். கோபத்தோடுதான் போனார்.

எங்கட உம்மாவும் அதே கதைதான் சொல்வா. ஆகையால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

குடல் உறிஞ்சும் மருந்து இரத்தத்தோடு முதலில் ஈரலுக்கே போகிறது. மருந்துகளை உருமாற்றும் நொதியங்கள் அங்குதான் மிக அதிகம். அவற்றில் பெரிய குடும்பம் சைட்டோகுரோம் பி450. 450 நனோமீற்றர் ஒளியை உறிஞ்சுவதால் 1962இல் யப்பானியரான ஒமுராவும் சாட்டோவும் வைத்த பெயர் அது.

ஆனால் ஈரல் மட்டுமல்ல. இக்குடும்பத்தின் 3ஏ4 என்ற நொதியம் குடற்சுவரிலும் நிறைய உண்டு. கனடாவின் டேவிட் பெய்லி குழுவினர், கிரேப்புரூட் சாற்றோடு பெலோடிப்பின் என்ற பிரஷர் குளிசையை எடுத்தவர்களின் இரத்தத்தில் மருந்தின் அளவு வெகுவாக ஏறுவதை 1991இல் வெளியிட்டார்கள். சாறு முடக்குவது பெரும்பாலும் குடலின் நொதியத்தைத்தான். ஈரலிலுள்ளது அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. நுரையீரலிலோ வேறு விதம். அங்கு 1ஏ1 புகைப்பவர்களில் பெருகி, புகையிலுள்ள சில பொருள்களைப் புற்றுநோய் உண்டாக்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது. நொதியம் எப்போதும் நஞ்சை முறிக்கும் என்று நம்பினால் பிழைத்துப்போவோம்.

பரசிற்றமோலின் கதையும் அதுவே. அதில் பெரும்பகுதியை ஈரல் வேறு நொதியங்களால் தீங்கில்லாமல் கட்டி, சிறுநீரில் அனுப்பிவிடும். சிறு பங்கை மட்டும் 2ஈ1 பிடித்து நஞ்சாக்குகிறது. அந்த நஞ்சைக் குளூட்டாதயோன் உடனே அணைத்துவிடும். மருந்து கூடினால் நஞ்சும் கூடும், குளூட்டாதயோன் தீரும். நாட்கணக்கில் சாப்பிடாதவரிடம் அதன் இருப்பே குறைவு. 1973இல் அமெரிக்காவில் மிச்செல் குழுவினர் எலிகளில் இதைக் காட்டினார்கள்: நொதியத்தைத் தடுத்தால் ஈரல் தப்பியது. 2ஈ1 செறிந்திருக்கும் ஈரல் நுண்மடல்களின் நடுப்பகுதியே முதலில் அழிகிறது. சிறுநீரகத்திலும் இந்நொதியம் உண்டு. சிலருக்கு அதுவும் பழுதாகும்.

வளர்ந்தவருக்கு 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் கூடாது. மெலிந்தவருக்கு, ஈரல் நோயாளிக்கு இன்னும் குறைவு. டெங்குக் காய்ச்சல் தானாகவே ஈரலைத் தாக்கும், கவனம். முதல் நாளில் பெரும்பாலும் நோவே தெரியாது. மாற்று மருந்தான அசிற்றைல்சிஸ்டீன் குளூட்டாதயோனை மீட்டுத்தரும். மிதமிஞ்சி விழுங்கி எட்டு மணித்தியாலத்துக்குள் ஏற்றினால் மிக நல்லது.

அண்ணனை வாட்டில் மறித்து மருந்தேற்றினார்கள். பிறகு ஒருநாள் வந்து கேட்டார்: "அப்ப காச்சலுக்கு என்னத்தைத் தம்பி போடுற?" பனடோல்தான் என்றேன். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, எண்ணி.