பொழுதுபோக்கு ஊர்தி வெயில் மறைப்புத் துணி மாற்றுதல்

பொழுதுபோக்கு ஊர்தி வெயில் மறைப்புத் துணி மாற்றுதல் என்பது, ஊர்தியின் பக்கச் சுவரில் பொருத்தப்பட்டுள்ள சுருட்டு மறைப்பின் நைந்துபோன துணியை மட்டும் அகற்றி, பழைய உருளையிலும் கைகளிலும் புதிய துணியைப் பொருத்தும் பராமரிப்புப் பணி ஆகும். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆர்.வி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இவ்வூர்திகளின் உரிமையாளர்கள் பலர் இதனைத் தாமே செய்கின்றனர். உலோகப் பாகங்கள் துணியைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக உழைப்பதே இதற்குக் காரணம். பார்வைக்கு இது துணி வேலையாகத் தோன்றினும், இதன் கடினமும் ஆபத்தும் உருளைக்குள் மறைந்திருக்கும் சுருள்வில்லிலேயே உள்ளன.

அமைப்பு

கையால் இயக்கப்படும் மறைப்பில் அலுமினிய உருளைக் குழாய் ஒன்றும், அதனை இருபுறமும் தாங்கும் இரு கைகளும் உள்ளன. துணியின் மேல் விளிம்பு ஊர்தியின் சுவரிலுள்ள காடிச் சட்டத்திலும், கீழ் விளிம்பு உருளையின் காடியிலும் செருகப்பட்டிருக்கும். விளிம்பு மடிப்புகளுக்குள் நெகிழிக் கயிறு தைக்கப்பட்டிருப்பதால், துணியைக் காடியின் ஒரு முனை வழியாக நீளவாக்கில் இழுத்து மட்டுமே நுழைக்கவோ எடுக்கவோ இயலும்.

குழாயின் முனைகளில் தறையாணிகளால் (ரிவெட்) பிணைக்கப்பட்ட மூடிகள் உள்ளன. ஒவ்வொரு மூடியின் உட்புறமும் ஒரு முறுக்குச் சுருள்வில் இருக்கும். துணியை வெளியே இழுக்கும்போது குழாய் சுழன்று வில்லை முறுக்குகிறது; பூட்டை விடுவித்தால் வில் துணியை மீண்டும் சுருட்டிக்கொள்கிறது. இரு விற்களும் குழாயை ஒரே திசையில் சுழற்ற வேண்டியுள்ளது. எனவே அந்தந்த முனையிலிருந்து நோக்கினால் ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றது இடஞ்சுழியாகவும் முறுக்கப்பட்டிருக்கும். இடது வில்லை வலப்புறம் பொருத்த இயலாது.

வில்லின் ஆபத்து

மறைப்பு முழுவதும் சுருட்டப்பட்ட நிலையில் வில் தளர்ந்துவிடும் என்று கருதுவது பரவலான தவறு. பயணத்தின்போது காற்றில் துணி அவிழாமல் இருக்க, அந்நிலையிலும் வில்லில் பல சுற்று முறுக்கு விடப்பட்டிருக்கும். முறுக்கு விசை சுற்றுகளின் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்திலும், சேமிக்கப்படும் ஆற்றல் அதன் இருமடிக்கு நேர் விகிதத்திலும் அமைகின்றன. சுற்றுகள் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். வில்லைப் பிணைக்காமல் தறையாணிகளை அகற்றினாலோ, கையைக் குழாயிலிருந்து விடுவித்தாலோ அவ்வளவு ஆற்றலும் நொடிப்பொழுதில் வெளிப்படும். இவ்வாறு விரல்களும் மணிக்கட்டும் முறிய வாய்ப்புண்டு.

இதனைத் தவிர்க்க இரு வழிகள் உள்ளன. முதலாவது, மூடியிலும் அச்சுத் தண்டிலும் உள்ள துளைகளை நேர்ப்படுத்தி, காட்டர் பின் ஒன்றைச் செருகி இரண்டையும் பிணைத்துவிடுவது. வில் முறுக்கிய நிலையிலேயே பூட்டப்படுவதால் இது எளிது. ஆனால் எவ்வளவு துணி விரிந்திருந்தபோது பின் செருகப்பட்டதோ, அதே அளவு விரிந்த நிலையில்தான் மீண்டும் அதனை எடுக்க வேண்டும். அவ்வாறன்றி எடுத்தால் முறுக்கு கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். இரண்டாவது, அச்சுத் தண்டைப் பூட்டுக் குறட்டால் இறுகப் பிடித்துக்கொண்டு, சுற்றுச் சுற்றாக முழுவதும் தளர்த்துவது. அப்போது சுற்றுகளை எண்ணிக் குறித்து வைத்துக்கொள்ளாதவர், திரும்ப முறுக்கும்போது தயாரிப்பாளரின் கையேட்டைத் தேட வேண்டியிருக்கும்.

மின்னோட்டியால் இயங்கும் மறைப்புகள் பலவற்றில் கைகளை வெளித்தள்ளும் வாயு உந்துதண்டுகள் உள்ளன. அங்கே குழாயைக் கழற்றும் முன் கைகளைக் கட்டிப் பிணைக்க வேண்டும்.

துணியும் அளவும்

பூசப்பட்ட வினைல், நெய்த அக்ரிலிக் ஆகிய இரண்டும் பெருவழக்கில் உள்ளன. வினைல் நீரைத் தடுக்கும். ஆயினும் ஈரத்துடன் சுருட்டி வைத்தால் அதன் மேலுள்ள அழுக்கில் பூஞ்சை படரும். அக்ரிலிக் காற்றை விடுவதால் விரைவில் உலரும், தொடர்மழையில் கசியக்கூடும். இரண்டையும் நாளடைவில் புற ஊதாக்கதிர்கள் நலிவுறச் செய்கின்றன.

மறைப்பின் நீளம் வழக்கமாக ஒரு கையின் மையத்திலிருந்து மறு கையின் மையம் வரை அளந்து கூறப்படுகிறது. துணி அதைவிடச் சில அங்குலங்கள் குறுகியது. எனவே துணியை அளந்து அந்த எண்ணை மறைப்பின் நீளமாகத் தருவோருக்குப் பொருந்தாத துணி வந்து சேர்கிறது.

செய்முறை

காற்றில்லாத நாளும், குறைந்தது இருவரும் தேவை. நீண்ட மறைப்பாயின் மூவர் நலம். வில்லைப் பிணைத்த பின், காடிச் சட்டத்தின் முனைகளில் துணி நகராதிருக்க இடப்பட்ட சிறு திருகாணிகளை அகற்ற வேண்டும். பின்னர் குழாயைக் கைகளிலிருந்து விடுவித்து, துணியோடு சேர்த்துச் சட்டத்தின் வழியே பக்கவாட்டில் உருவி எடுத்து, இரு மரத்தாங்கிகளின் மேல் கிடத்த வேண்டும். மூடி எந்தக் காடிக்கு நேராக இருந்தது என்பதைக் குறியிட்ட பின்னரே தறையாணிகளைத் துளைத்தெடுப்பது நல்லது.

பழைய துணியை உருவிய பின் காடிகளைத் தூய்மை செய்து, கூர்மையான பிசிறுகளை அரத்தால் தேய்த்து, சிலிக்கோன் தெளிப்பு இட வேண்டும். சட்டத்தின் நுழைவாயைத் திருப்புளியால் சற்றே அகட்டாவிடில் அதன் கூரிய ஓரம் புதிய துணியைக் கிழித்துவிடும். இவ்வளவு உழைத்த பின் ஏற்படும் இக்கிழிசலே பலரையும் வெறுப்படையச் செய்வது. துணியின் மேற்புறம் எது என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்து நுழைத்து, மூடிகளைப் புதிய தறையாணிகளால் பிணைத்து, துணியைக் குழாயில் சுருட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர் ஏணியில் நின்று விளிம்பைக் காடிக்குள் நேராக ஊட்ட, மற்றவர் இழுக்கிறார். குழாய் கைகளில் உறுதியாகத் திருகப்பட்ட பிறகே பின் அகற்றப்படுகிறது.

முனைத் திருகாணிகளை உடனே இடுவதில்லை. மறைப்பை இருமுறை விரித்துச் சுருட்டி, துணி குழாயில் ஒருபக்கம் ஏறாமல் நேராகப் படிகிறதா எனப் பார்த்து, வேண்டுமானால் பக்கவாட்டில் நகர்த்திய பின்னரே அவை இடப்படுகின்றன.