உதிரிபாகம் கேட்பது உரிமை இல்லையா?

ஆடிக் காற்றில் ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்புகளில் கிளைகள் முறிவதும் மரங்கள் சாய்வதும் ஆண்டுதோறும் நடப்பவை. கடந்த ஆடியில் எங்கள் தோப்பின் முதிர்ந்த சப்பட்டை மாமரம் ஒன்று வாய்க்காலின் குறுக்கே விழுந்தது. அதை அறுத்து அகற்ற, என் தந்தை முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கேரளத் தோட்டம் ஒன்றிலிருந்து பழையதாக வாங்கிவந்த மரம் அறுக்கும் இயந்திரத்தை எடுத்தேன். இரண்டு முறை உறுமிவிட்டு அது நின்றுபோனது.

பழுதுநீக்குபவர் பிரித்துப் பார்த்தார். கார்புரேட்டரின் ரப்பர் சவ்வு விறைத்திருந்தது. ஒரு பேரிங் தேய்ந்திருந்தது. செயினின் பற்கள் மழுங்கி முடிந்திருந்தன. தீப்பொறி தரும் இக்னிஷன் காயில் செத்திருந்தது. பிஸ்டனும் சிலிண்டரும் நன்றாகவே இருந்தன. நான்கு பாகங்கள் கிடைத்தால் இயந்திரம் ஓடும். ஆனால், விற்பனையகத்தில் கிடைத்த பதில் ஒன்றுதான்: “இந்த மாடல நிறுத்திப் பல வருஷமாச்சு அண்ணாச்சி. புதுசு வாங்கிருங்க.”

வாங்கியிருக்கலாம். ஆனாலும், தேடிப் பார்ப்பதென்று முடிவுசெய்தேன். அந்தத் தேடல் ஏழு வாரங்கள் நீண்டது. ஒரு இயந்திரம் எப்போது உண்மையில் பயனற்றதாகிறது என்பதை அந்த வாரங்களில்தான் புரிந்துகொண்டேன்.

பொதுப் பாகமும் தனிப் பாகமும்

எந்தப் பழைய இயந்திரத்திலும் இருவகைப் பாகங்கள் உண்டு. ஒன்று, உலகப் பொது அளவில் செய்யப்பட்டவை. மற்றது, தயாரித்த நிறுவனத்துக்கு மட்டுமே உரியவை. பேரிங் முதல் வகை. அதன் விளிம்பில் 6202 என்று பொறித்திருந்தால், உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 35 மி.மீ., தடிமன் 11 மி.மீ. என்று பொருள். எந்த நாட்டில், எந்த நிறுவனம் செய்தாலும் இந்த அளவு மாறாது. மதுரையில் பேரிங் கடைக்காரர் என் இயந்திரத்தின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. எண்ணைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தார்.

செயினும் ஏறக்குறைய அப்படித்தான். ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-ல் உருவாக்கிய மின் ரம்பம் மிகுந்த எடை கொண்டது; இருவர் சேர்ந்தே இயக்க வேண்டும். இன்றைய செயினின் பல் வடிவம் அமெரிக்காவின் ஜோசப் காக்ஸ் தந்தது. மரத்தைக் குடையும் வண்டுப் புழுவின் தாடைகளைப் பார்த்து அவர் வடிவமைத்த செயின் 1947-ல் விற்பனைக்கு வந்தது. பின்னர் பெரும்பாலான நிறுவனங்களும் அந்த வடிவையே பின்பற்றின. அதனால், மூன்று விவரங்கள் தெரிந்தால் செயின் வாங்கிவிடலாம். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு இடையிலான தூரத்தில் பாதி. செயின் ஓடும் தகட்டின் பள்ளத்துக்குள் இறங்கும் இணைப்பின் தடிமன். அத்தகைய இணைப்புகளின் எண்ணிக்கை. பழைய செயினை வைத்து இந்த மூன்றையும் குறித்துக்கொண்டேன். விறகடுப்பில் பால்கோவா கிண்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மரம் அறுப்போருக்குக் குறைவில்லை. அவர்கள் காட்டிய கடையில் செயின் கிடைத்தது.

கார்புரேட்டரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல இயந்திர நிறுவனங்கள் அதைத் தாமே செய்வதில்லை; கார்புரேட்டர் மட்டுமே தயாரிக்கும் நிறுவனங்களிடம் வாங்கிப் பொருத்துகின்றன. அதன் உடலில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்தால், இயந்திரத்தின் பெயர் தேவையில்லாமலே சவ்வுத் தொகுப்பை வரவழைக்கலாம். ராஜபாளையத்தின் லேத் பட்டறைகளும் கைகொடுக்கும். நூற்பாலைகளின் பழைய இயந்திரங்களுக்குப் பாகம் கடைந்து பழகிய கைகள் அவை. தேய்ந்துபோன ஒரு போல்ட்டை அரை மணி நேரத்தில் கடைந்து தந்தார்கள்.

எல்லாவற்றையும் கடைந்துவிட முடியாது. செயினைக் கணத்தில் நிறுத்தும் பிரேக், கிளட்ச் போன்றவை உயிரோடு தொடர்புடையவை. அவற்றில் உத்தேச வேலை கூடாது. அசலைப் போலவே தோற்றமளிக்கும் மலிவான போலிகளும் சந்தையில் உள்ளன. அசல் கிடைக்காத இடத்தில்தான் போலி செழிக்கிறது. செயின் பிரேக்கே இல்லாத மிகப் பழைய இயந்திரங்களை நானும் ஓட்டச் சொல்ல மாட்டேன். பழையது எல்லாம் காக்கப்பட வேண்டும் என்பதல்ல என் வாதம்.

கடைசியில் நின்றது இக்னிஷன் காயில். அது தனிப் பாகம். அதற்குப் பொது எண் இல்லை, வேறு காயில் பொருந்தாது, நிறுவனமும் தயாரிப்பதில்லை. நல்ல பிஸ்டனும் நல்ல சிலிண்டரும் கொண்ட இயந்திரம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாகத்துக்காகக் காயலான் கடைக்குப் போகும் நிலை.

மாறிய எரிபொருள்

ரப்பர் சவ்வு ஏன் கெட்டது? வயது ஒரு காரணம். எரிபொருள் இன்னொரு காரணமாக இருக்கலாம். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை, முதலில் குறித்த 2030-க்கு முன்பாகவே, 2025-ல் நாடு எட்டிவிட்டது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கவும் கரும்பு, மக்காச்சோள விவசாயிகளுக்குச் சந்தை தரவும் எடுக்கப்பட்ட முடிவு அது. ஆனால், எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய வகை ரப்பரை ஊதச் செய்து கெடுக்கும். மாதக்கணக்கில் சும்மா கிடந்து திடீரென எடுக்கப்படும் தோட்டக் கருவிகளில் இந்தப் பாதிப்பு அதிகம். வேலை முடிந்ததும் டேங்கை வடித்து, கார்புரேட்டரில் மிஞ்சியது தீரும்வரை ஓட்டி நிறுத்துவது ஒன்றே எளிய பாதுகாப்பு. எரிபொருளை மாற்றும் கொள்கைக்கு, அதற்கேற்ற ரப்பர் பாகங்கள் பழைய கருவிகளுக்கும் கிடைக்கச் செய்யும் பொறுப்பும் உண்டல்லவா?

சட்டம் எங்கே நிற்கிறது?

இந்தச் சிக்கல் அரசுக்குத் தெரியாததல்ல. அசல் உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கும் தனியார் பழுதுநீக்குபவர்களுக்கும் தராமல் தடுத்ததாகக் கூறி, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுநீக்கும் உரிமை குறித்து ஆராயக் குழு அமைத்தது. அது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வேளாண் கருவிகளும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளில் இதற்கென இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால், தகவல் தருவது நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கும்வரை, கைவிடப்பட்ட மாடலை வைத்திருப்பவருக்கு அதனால் பயனில்லை.

வேறு நாடுகள் ஓரடி முன்னே சென்றுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் போன்றவற்றுக்கு 7 முதல் 10 ஆண்டுகள்வரை பாகங்கள் வழங்குவது கட்டாயம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், வேளாண் கருவிகளுக்கான பழுதுநீக்கும் உரிமைச் சட்டத்தை 2023-ல் இயற்றியது; 2024 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

நம் தேவை எளிமையானது. கடைசி இயந்திரம் விற்ற நாளிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகளுக்குப் பாகங்கள் கிடைக்க வேண்டும். அதன் பிறகு தயாரிப்பை நிறுத்தும் நிறுவனம், அந்தப் பாகத்தின் அளவையும் வரைபடத்தையும் வெளியிட வேண்டும், வேறொருவர் செய்துகொள்ளட்டும். பேரிங்குக்குச் சாத்தியமான பொது அளவு, காயிலுக்கும் பிளக்குக்கும் இடையே மட்டும் ஏன் சாத்தியமாகாது? மரம் அறுத்துப் பிழைக்கும் கூலித் தொழிலாளிக்கு இயந்திரமே முதல். எனக்கு ஏழு வாரத் தாமதம் ஓர் அலைச்சல். அவருக்கு அது ஏழு வார வருமானம்.

காயில் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மரக்கடையின் மூலையில், சிலிண்டர் உடைந்து கிடந்த அதே மாடல் இயந்திரத்திலிருந்து கழற்றித் தந்தார்கள். மாமரத்தை அறுத்து வாய்க்காலைத் திறந்தாயிற்று. ஆனால், இந்தக் காயிலும் பழையதுதான். அது நிற்கும் நாளில் கழற்றிக்கொள்ள இன்னொரு இயந்திரம் எந்த மூலையிலாவது கிடக்க வேண்டும்.