கல்வெட்டில்லாத ஊரின் கால்

சங்கரன்கோவில் வட்டாரத்து வரலாறு என்றால் சங்கரநாராயணர் கோயிலும் நெற்கட்டும்செவல் புலித்தேவனும்தான் பேச்சு. கோயிலோ கோட்டையோ இல்லாத சிற்றூருக்கு என்ன வரலாறு என்று கேட்கிறார்கள். இருக்கிறது, அது ஊருக்குள் ஓடும் காலில், அதாவது வாய்க்காலில் இருக்கிறது. தாமிரபரணிக்கு எட்டு அணைக்கட்டுகள் உண்டு. இங்கே அந்தக் கொடுப்பினை இல்லை. மழைக்கு மட்டும் ஓடும் ஓடையை மறித்துக் குளம் வெட்டி, மறுகால் பாயும் தண்ணீரை அடுத்த குளத்துக்குத் திருப்பினார்கள். குருவிகுளம், களப்பாகுளம் எனக் குளத்தின் பெயரே ஊரின் பெயரானது. மடையின் கல்தூண்களுக்கு நடுவே முங்கி, அடைப்பைத் தூக்கித் தண்ணீர் திறந்தவர் மடைக்குடும்பர். யார் வயலுக்கு முதலில் பாய வேண்டும் என்ற முறைதான் அந்த ஊரின் எழுதாத சட்டம்.

மண்ணை ஆவணமாகப் படிப்பது புதிதல்ல. நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில், கடலுக்குக் கரை கட்டும் முன்பே மக்கள் மண்ணும் சாணமும் குவித்து மேடுபோட்டுக் குடியேறினார்கள். ஹேகபைன்டம் என்ற சிற்றூரின் மேடு கடல் மட்டத்திலிருந்து 8.8 மீட்டர் உயரம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அந்த மேடுகளின் மண்ணை உரத்துக்கென வெட்டி, வாய்க்கால் வழியே படகில் ஏற்றி விற்றார்கள். வெட்டிய இடத்தில் கிடைத்த பொருள்களால், எழுத்து அதிகம் விட்டுச்செல்லாத அந்த மக்களைப் பற்றிப் பலவும் தெரியவந்தது. நாமும் குளத்துக் கரம்பை வண்டலை அள்ளி வயலில் போட்டவர்கள்தாம். அங்கே அள்ள அள்ள மேடு அழிந்தது, இங்கே குளம் ஆழமானது.

பழையதைப் போற்றுவது அடிமை வேலையைப் போற்றுவது அல்லவா என்பார்கள். நியாயமான கேள்வி. குளத்தையும் காலையும் ஊரார் கூடிப் பராமரித்த குடிமராமத்து எல்லோருக்கும் சமமாக இருக்கவில்லை. 1858-இல் வெள்ளையர் அரசு அதைக் கட்டாய உழைப்பாகவே சட்டமாக்கியது. அந்தக் கொடுமையும் காலின் வரலாற்றில் சேர்த்தே எழுதப்பட வேண்டியது. போர்வெல்லும் குழாயும் வந்தபின் கால் எதற்கு என்பது இன்னொரு வாதம். குளம் நிறையாவிட்டால் கிணறு ஊறாது என்பது கரிசல் சம்சாரி அறிந்ததே. வெள்ளமும் வழி கேட்கும்: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது, தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் உடைந்து ஊர்கள் மூழ்கின.

குளங்களைக் காக்க 2007-இல் வந்த சட்டம், அப்போது பொதுப்பணித்துறையிடம் இருந்த குளங்களுக்கானது. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள சிறு குளங்களோ ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஆகவே அடுத்த கிராமசபையில் உங்கள் ஊர்க் காலின் அகலம் நில அளவைப் புலப்படத்தில் எவ்வளவு, தரையில் எவ்வளவு என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.