பழைய கார் பாதி வழியில் திணறுதா? பெட்ரோல் பம்ப்பை மாத்துறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க!

செல்ஃப் அடிக்குது, ஆனா இன்ஜின் பிடிக்கல. பாலம் ஏறும்போது இழுவை இல்லை. சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. 15 வருடத்தைத் தாண்டிய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன தொல்லை. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், பல நேரங்களில் 'பம்ப் போயிருக்கும், மாத்திடலாம்' என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். பல ஆயிரம் ரூபாய் செலவழித்து பம்ப்பை மாற்றிய பிறகும் அதே திணறல் தொடர்ந்தால் என்ன செய்வது?

சில நூறு ரூபாய் ஃபில்டரில் தொடங்கி, பெரிய செலவு வரை வரிசையாகப் பார்ப்பதே பணத்தை மிச்சப்படுத்தும் வழி. அந்த வரிசை இதோ.

உங்கள் காரில் இருப்பது எந்த சிஸ்டம்?

அம்பாசிடர், பத்மினி, 2000-க்கு முந்தைய பெரும்பாலான மாருதி 800 கார்களில் இருப்பது கார்புரேட்டர். இன்ஜின் சுற்றும்போது இயங்கும் மெக்கானிக்கல் பம்ப், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து கார்புரேட்டருக்குத் தரும்.

1998-ல் அறிமுகமான சான்ட்ரோ போன்ற கார்களில் இருப்பது எம்பிஎஃப்ஐ. இதில் டேங்குக்குள்ளேயே எலக்ட்ரிக் பம்ப் இருக்கும். அது அழுத்தத்தோடு அனுப்பும் பெட்ரோலை இன்ஜெக்டர்கள் பீய்ச்சும். இரண்டுக்கும் கோளாறு வேறு, பார்க்கும் முறையும் வேறு.

பெட்ரோல் பிரச்சனையா, கரண்ட் பிரச்சனையா?

முதலில் இதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் செல்ஃப் அடித்துவிட்டு, இன்ஜின் சூடாக இல்லாதபோது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

* பிளக் காய்ந்திருந்தால்: பெட்ரோல் வந்து சேரவில்லை.
* பெட்ரோலில் நனைந்திருந்தால்: பெட்ரோல் வருகிறது. ஸ்பார்க் இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது.
* கரி படிந்து கறுப்பாக இருந்தால்: காற்றைவிட பெட்ரோல் அதிகம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சோக் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம்.

எம்பிஎஃப்ஐ காரில் என்ன பார்க்கணும்?

சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பி, ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். பின்சீட் பக்கமிருந்து ஓரிரு விநாடி 'ம்ம்' என்ற சத்தம் கேட்க வேண்டும். அது பம்ப் ஓடும் சத்தம்.

சத்தமே இல்லையா? உடனே பம்ப்பைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் ஃப்யூஸ், அடுத்து ரிலே, பிறகு பம்ப்பின் வயர் கனெக்டர். இந்த மூன்றும் சரியாக இருந்து, பம்ப்புக்கு கரண்ட் வந்தும் ஓடவில்லை என்றால்தான் பம்ப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

சத்தம் கேட்டும் இழுவை இல்லை என்றால், ஃபில்டர் அடைத்திருக்கிறதா பாருங்கள். அடுத்தது ஃப்யூயல் பிரஷர் டெஸ்ட். பல எம்பிஎஃப்ஐ கார்களில் இது சுமார் 3 பார் இருக்கும். உங்கள் மாடலுக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கேஜ் வைத்து அளக்காமல் பம்ப்பை மாற்றச் சொன்னால், 'பிரஷர் எவ்வளவு காட்டுது?' என்று தாராளமாகக் கேளுங்கள்.

இன்னொன்று, எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுவது பம்ப்புக்கு ஆகாது. டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான் அந்தப் பம்ப்பைக் குளிர வைக்கிறது.

கார்புரேட்டர் கார் என்றால்?

* ஐடிலிங்கில் மட்டும் ஆஃப் ஆகுது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஓடுது: ஸ்லோ ஜெட்டில் அடைப்பு இருக்கலாம்.
* கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழியுது: நீடில் வால்வு அல்லது ஃப்ளோட் கோளாறு.
* இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை: பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். ஆயில் நீர்த்துப் போனால் இன்ஜினே தேய்ந்துவிடும், தள்ளிப்போடக் கூடாது.
* வெயிலில் நின்ற பிறகு ஸ்டார்ட் ஆகல, ஆறினால் ஓடுது: சூட்டில் பைப்புக்குள் பெட்ரோல் ஆவியாகி 'வேப்பர் லாக்' ஆகியிருக்கலாம்.

காசே செலவில்லாத ஒரு சோதனை

கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, பிறகு திணறி நிற்கிறதா? டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, அதன்பிறகு வண்டி சரியாக ஓடினால், டேங்குக்குள் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. மூடியை மாற்றினாலோ, அந்தக் குழாயைச் சுத்தம் செய்தாலோ வேலை முடிந்தது.

இ20 பெட்ரோலால் பிரச்சனை வருமா?

20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். எத்தனாலில் பெட்ரோலைவிட எரிசக்தி குறைவு என்பதால் மைலேஜ் குறையும். இ10-க்கு ஏற்ப டியூன் செய்யப்பட்ட பழைய கார்களில் இது 6 முதல் 7% வரை இருக்கலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை சொன்னது. இந்தக் குறைவு பெரிதல்ல என்பதே மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் நிலைப்பாடு. அதேநேரம், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று 2025-ல் அந்த அமைச்சகமே கூறியது.

எனவே பழைய ஹோஸ் பைப்புகளில் வெடிப்பு, உப்பல், ஈரக்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரில் தண்ணீர் கலந்த எத்தனால் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடலாம். மெக்கானிக்கிடம் சொல்லி டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து, கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தால், அடியில் தனி அடுக்காகத் தெரியும்.

இதை மட்டும் செய்யவே செய்யாதீங்க!

* ஸ்டார்ட் ஆகவில்லை என்று கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றி செல்ஃப் அடிக்கக் கூடாது. பேக்ஃபயர் ஆனால் தீ நேராக முகத்துக்கு வரும்.
* எம்பிஎஃப்ஐ காரில் இன்ஜின் அணைந்த பிறகும் பைப்பில் அழுத்தம் இருக்கும். அதைக் குறைக்காமல் கழற்றினால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும்.
* டேங்கிலிருந்து வாயால் பெட்ரோல் உறிஞ்சக் கூடாது. நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.
* ஓட்டும்போது பெட்ரோல் வாசனை அடித்தால், ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு எல்லோரும் இறங்கிவிடுங்கள். கசிவு எங்கே என்று தெரியும் வரை மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது 'வண்டி இழுக்கல' என்று மட்டும் சொல்லாமல், இன்ஜின் சூடாக இருக்கும்போதா, ஆறியிருக்கும்போதா, மேடு ஏறும்போதா, கடைசியாக ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.