கீராம்பூர்க்காரரின் கோடுகள்

கொல்லிமலையில் திருப்புலி நாட்டுப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரிய ஓவியர் யார் என்று கேட்டால் பிக்காசோ என்கிறார்கள். கொல்லிமலையின் கிழக்குச் சரிவில் புளியஞ்சோலைக்கு இறங்கினால் துறையூர் வட்டாரம். அங்கே கீராம்பூரில் 1938-இல் பிறந்த கே.எம். ஆதிமூலத்தை முதலில் தெரிந்துகொள்ளட்டும். பிக்காசோ எங்கும் போய்விட மாட்டார்.

சென்னைக்கு வந்த ஆதிமூலத்துக்கு வழிகாட்டியாக அமைந்தவர் சிற்பி எஸ். தனபால். கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த அரசு ஓவியக் கல்லூரியில் படித்து 1966-இல் வெளியே வந்தார். பிறகு நெசவாளர் சேவை மையத்தில் வேலை. படம் விற்றுக் குடும்பம் நடத்த முடியாத அந்தக் காலத்தில் ஓவியர்கள் பலருக்குச் சோறு போட்டது அந்த மையம்தான்.

காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த நூறு காந்தி படங்கள் பெயர் வாங்கிக்கொடுத்தன. கறுப்பு மைதான், வேறொன்றுமில்லை. எங்கள் பிள்ளைகள் முதலில் முகத்தைச் சுற்றி ஒரு வெளிக்கோடு போட்டுவிட்டு உள்ளே நிரப்புவார்கள். ஆதிமூலத்திடம் கோடுகள் ஓடி, மோதி, அடர்ந்து, அந்த நெரிசலிலிருந்து காந்தி எழுந்து வருவார். அடுத்து தலைப்பாகையும் அங்கியுமாக அரசர்கள். ஆடம்பரம் இருக்கும், ஆளுக்குள் ஒன்றும் இருக்காது. மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டது 1971-இல் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் ருசி.

இப்படிக் கோட்டில் பேர் எடுத்தவர், பிற்பாடு அதை ஒதுக்கிவிட்டு எண்ணெய் வண்ணத்துக்குப் போனார். உருவமே இல்லாத நிலவெளிகள். கத்தியால் தடிப்பாக இழுத்த நிறப் பட்டைகள். உலகப் போருக்குப் பின் பிரான்சில் நிக்கோலா த ஸ்தேலும் கத்தியால் வண்ணம் அப்பியவர்தான். ஆனால் அவர் நடந்தது எதிர்த்திசையில்: அரூபத்தில் நின்றவர், 1952-இல் பாரிசில் ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஆட்டக்காரர்களை வரையத் தொடங்கினார். 1955-இல் நாற்பத்தொரு வயதில் இறந்துபோனார்.

“இதுல மலை எங்க சார் இருக்கு?” என்று ஆதிமூலத்தின் நிலவெளி ஒன்றைப் பார்த்து ஒரு மாணவி கேட்டாள். “நம்ம ஊர்ல மழைக்கு முந்தி எதிர்ச் சரிவுல என்னம்மா தெரியும்? நிறம்தானே?” என்றேன். அவள் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

கோட்டை ஒதுக்கினார் என்றேன். அச்சில் அது தொடர்ந்தது. சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் தலைப்பெழுத்து வரைந்தார். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் போட்ட படங்களை, கண்காட்சிக் கூடத்தை எட்டிப் பார்த்திராத ஜனங்களும் ரசித்தார்கள். 2008 ஜனவரியில் காலமானார்.

என் ஓட்டு அந்தக் கோடுகளுக்குத்தான். ஆனாலும் வண்ண ஓவியங்களை அச்சில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வண்ணத்தின் தடிப்பு காகிதத்தில் வராது. நேரில் பார்க்க வேண்டுமானால் எங்கள் மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சென்னைக்கு பஸ் பிடிக்க வேண்டியதுதான்.