பழைய நூலும் பூட்டுப் போட்ட கருவியும்

சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வெளிவந்தது. யட்டியாந்தோட்டை போன்ற ஊரிலிருப்போருக்கு அக்காலத்து நூல்கள் இலகுவில் கைக்கு எட்டா. 2005 முதல் ‘நூலகம்’ இணையத்தளம் ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து இலவசமாகத் தருவது பெரிய உதவி.

ஆனால் அந்தப் பக்கத்தை 6 அங்குல மின்வாசிப்புக் கருவியில் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு வரிசை மாதிரித் தெரியும். பெருப்பித்தால் வரி பாதியில் வெட்டுப்படும்.

இதற்கு வழி உண்டு. கோபோ கருவிக்குள் ஓடுவது லினக்ஸ் என்ற திறந்த பணிசெயல் முறைமை. அதை அழிக்காமலே, கோரீடர் என்ற இலவச மென்பொருளைக் கணினியிலிருந்து ஏற்றலாம். அது ஸ்கேன் பக்கத்திலுள்ள சொற்களைப் படம் படமாகப் பிரித்து, பெரிதாக்கி, திரையின் அகலத்துக்கு மறுபடி அடுக்கித் தரும். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், பழைய மென்பொருள் அப்படியே இருக்கும்.

கிண்டிலில் இது அவ்வளவு சுலபமில்லை. முதலில் கம்பனி போட்ட பூட்டை உடைக்க வேண்டும். அடுத்த அப்டேட்டில் அந்த வழி அடைபட்டும் போகலாம். பைன்நோட் என்ற பெரிய கருவி முழுக்க லினக்ஸிலேயே ஓடக்கூடியது. ஆனால் கணினிப் பழக்கம் இல்லாதவருக்கு அது சிரமம்.

நம் முன்னோர் எழுதியதை ஸ்கேன் செய்து வைத்தால் மட்டும் போதாது. கண் நோகாமல் வாசிக்கவும் வேண்டுமே! ஆகவே கருவி வாங்கப் போனால் விலையோடு இதையும் கேளுங்கள்: இதில் நாம் விரும்பும் மென்பொருளைப் போடலாமா?